தளர்ந்த இதயமும் நம் அடுக்களையும்



முதல் வெள்ளிக்கிழமைகளில் நோயாளருக்கு நன்மை வழங்கச் செல்லும் பங்குத்தந்தையுடன் துணைக்குச் செல்வது எனக்கு வழக்கம். அப்படிச் சென்ற கடற்கரை ஊர் ஒன்றில், எழுபத்தெட்டு வயதுப் பெரியவர் ஒருவரைக் கண்டேன். ஒரு காலத்தில் கட்டுமரத்தில் தனியாகக் கடலேறியவர். இப்போது கட்டிலில் மூன்று தலையணைகளை அடுக்கிச் சாய்ந்தே உறங்குகிறார். கால்கள் இரண்டும் வீங்கியிருந்தன. மூன்று மாதங்களுக்குள் இருமுறை மருத்துவமனைக்குச் சென்று திரும்பியவர்.

தந்தை ஜெபம் முடித்து வெளியேறியதும், அவ்வீட்டு மருமகள் என்னை அடுக்களைப் பக்கம் அழைத்தார். "அண்ணாச்சி, டாக்டர் உப்பைக் குறைக்கச் சொன்னார். மாமாவுக்கென்று தனிப் பானையில் உப்பே போடாமல் சமைக்கிறேன். இரண்டு கவளம் உண்டுவிட்டுத் தட்டைத் தள்ளிவிடுகிறார். நேற்று கட்டிலின் கீழே பார்த்தால் நாரத்தங்காய் ஊறுகாய்ச் சாடி இருக்கிறது! உப்புப் போடாமல் நான் கொல்கிறேன் என்கிறாள் நாத்தனார். போட்டால், போட்டுத்தான் கொன்றேன் என்பாள்" என்று கண்கலங்கினார். பெரியவரிடம் மெல்லக் கேட்டேன். "உப்பில்லாத கஞ்சியைக் குடித்துக்கொண்டு எதற்கு மக்களே இருக்கவேண்டும்?" என்றார்.

இந்த வழக்கில் இருவர் பக்கமும் நியாயம் உண்டு. நம் மாவட்டத்தில் இத்தகைய வீடுகள் பல இருப்பதால், இத்திங்கள் பக்கத்தை இதற்கே ஒதுக்குகிறேன்.

முதலில் நோயின் பெயரைப் பற்றி ஒரு வார்த்தை. இதயச் செயலிழப்பு என்று கேட்டவுடன் இதயம் நின்றுவிட்டதாக எண்ணி வீட்டார் நடுங்குகின்றனர். அது நிற்பதன்று, தளர்வது. உடலுக்கு வேண்டிய அளவு இரத்தத்தை உந்தித் தள்ளும் வலிமை குறைவது, அல்லது விறைத்துப்போய் இரத்தத்தை ஏற்றுக்கொள்ள இயலாமற் போவது. ஆகவே இதயத் தளர்ச்சி என்றே நான் எழுதுகிறேன். நம் முன்னோர் இந்நோயின் வீக்கத்தைக் கண்டு நீர்க்கோவை என்றனர். லூக்கா நற்செய்தியின் 14-ஆம் அதிகாரத்தில், பரிசேயர் தலைவர் ஒருவரின் வீட்டு விருந்தில் நம் ஆண்டவர் குணமாக்கிய மனிதருக்கு இருந்தது நீர்க்கோவைதான். அது இதயத்தால் வந்ததா, ஈரலால் வந்ததா என்று நற்செய்தி கூறவில்லை. 1785-இல் இங்கிலாந்தின் வில்லியம் விதரிங் என்னும் மருத்துவர் ஒருவகைப் பூச்செடியின் இலையைக் கொண்டு நீர்க்கோவையைத் தணித்த வரலாற்றை நூலாக எழுதினார். அவ்வகைச் செடியிலிருந்து வந்த டிகாக்சின் மாத்திரை இன்றும் சிலருக்குக் கொடுக்கப்படுகிறது.

இதயம் தளர்ந்தால் கால் ஏன் வீங்கவேண்டும்? இரத்த ஓட்டம் குறைந்ததும் சிறுநீரகங்கள், உடலில் நீர் வற்றிவிட்டது என்று தவறாக எண்ணிக்கொள்கின்றன. உடனே உப்பையும் நீரையும் வெளியேற விடாமல் பிடித்து வைக்கின்றன. உப்பு தங்கிய இடத்தில் நீரும் தங்கும். அந்நீர் பகலில் காலில் இறங்குகிறது. இரவில் படுத்ததும் நுரையீரலுக்கு ஏறி மூச்சைத் திணறச் செய்கிறது. வயிற்றுக்குள் குடலும் ஈரலும்கூட வீங்குவதால், நாலு வாய் உண்டதுமே வயிறு நிறைந்துவிட்டதுபோல் தோன்றும். முதியவர் தட்டைத் தள்ளுவதற்கு உப்பின்மை மட்டுமே காரணமன்று என்பதை மருமகள்மார் அறிந்துகொள்வது நலம்.

நம் எல்லைக்கு அடுத்தாற்போலவே இந்நோய் பற்றிய பெரும் கணக்கெடுப்பு ஒன்று நடந்தது. 2013-ஆம் ஆண்டு முழுவதும், திருவனந்தபுரம் மாவட்டத்தின் நகர்ப்புற, கிராமப்புற மருத்துவமனைகள் 18-இல் இதயத் தளர்ச்சியோடு சேர்க்கப்பட்ட 1205 பேரைப் பதிவு செய்தனர். சராசரி வயது 61. மேல்நாடுகளில் இத்தகைய நோயாளரின் சராசரி வயது எழுபதைத் தாண்டியிருக்க, நம்மவரை இந்நோய் பத்தாண்டு முந்திக்கொள்கிறது. 72 விழுக்காட்டினருக்கு இதயத் தமனி அடைப்பே மூலகாரணம். மருத்துவமனையில் சேர்ந்த 90 நாள்களுக்குள் நூற்றில் 18 பேர் இறந்தனர். 1956 வரை ஒரே அரசாங்கத்தின் கீழ் இருந்து, இன்றும் ஒரே மரச்சீனியையும் மீனையும் தேங்காயையும் உண்ணும் மக்களாகிய நமக்கு இக்கணக்கு அயலூர்க் கணக்கன்று.

இனி உப்புக்கு வருவோம். சாமிதோப்பிலும் புத்தளத்திலும் உப்பளங்களைக் கண்டு வளர்ந்தவர்கள் நாம். உப்பில்லாப் பண்டம் குப்பையிலே என்று பழமொழி வேறு. உலக சுகாதார நிறுவனம் ஆரோக்கியமானவருக்கே நாளொன்றுக்கு 5 கிராமுக்குக் குறைவான உப்பைத்தான் பரிந்துரைக்கிறது. அது தலைதட்டிய ஒரு தேக்கரண்டித் தூள் உப்பின் அளவு. நம் நாட்டில் 2017-18-இல் எடுத்த தேசிய ஆய்வின்படி ஆண்கள் 8.9 கிராமும் பெண்கள் 7.1 கிராமும் உண்கின்றனர். இதயத் தளர்ச்சி உள்ளவர் 5 கிராமைத் தாண்டாதிருக்கவேண்டும் என்பதே மருத்துவர் பொதுவாகக் கூறும் அளவு. குறையுங்கள் என்று மருத்துவர் சொன்னால், அறவே கூடாது என்று வீட்டில் கேட்டுக்கொள்வதுதான் தொல்லைக்குத் தொடக்கம்.

அறவே நீக்கும் முறையும் ஒரு காலத்தில் இருந்ததுண்டு. ஜெர்மனியிலிருந்து அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்துக்குச் சென்ற வால்டர் கெம்ப்னர் என்னும் மருத்துவர், 1940-களில் இரத்த அழுத்த நோயாளருக்கு வெறும் சோறும் பழமும் சர்க்கரையும் மட்டுமே கொடுத்தார். பெருத்திருந்த இதயங்கள் சுருங்கியதை எக்ஸ்ரே படங்களில் காட்டினார். மருந்துகள் அரிதாயிருந்த அக்காலத்தில் அது பெரும் சாதனை. ஆனால் அவ்வுணவை நெடுநாள் தாங்கியவர் சிலரே. அமெரிக்கர் கடும் தவமாக எண்ணியது வெறுஞ்சோற்றை என்று அறியும்போது நாஞ்சில் நாட்டாருக்குச் சிரிப்பு வரலாம். எனினும் அதில் நமக்கொரு பாடம் உண்டு. உப்பிடாது வடித்த சோற்றில் உப்பு ஏறக்குறைய இல்லவே இல்லை. சோறு குற்றவாளியன்று, அதன்மேல் ஊற்றுவதும் அதன் பக்கத்தில் வைப்பதுமே குற்றவாளிகள்.

மிகக் கடுமையான உப்புக் குறைப்பு உண்மையிலேயே உயிர் காக்கிறதா என்பதை ஆறு நாடுகளில் 806 நோயாளரைக் கொண்டு ஆராய்ந்து 2022-இல் வெளியிட்டனர். ஒரு சாராரைச் சோடியம் 1500 மில்லிகிராமுக்குள், அதாவது உப்பு 4 கிராமுக்கும் குறைவாக உண்ணச் செய்தனர். மற்றவருக்கு வழக்கமான அறிவுரை மட்டும். ஓராண்டு முடிவில் இறப்பிலோ மருத்துவமனைச் சேர்க்கையிலோ குறிப்பிடத்தக்க வேற்றுமை இல்லை. கடுமையாகக் குறைத்தவர்கள் சற்று நலமாக உணர்ந்தனர், அவ்வளவே. இதைக் கேட்டதும் ஊறுகாய்ச் சாடியைக் கட்டிலுக்கு மேலேயே எடுத்து வைத்துவிடலாம் என்று நம் பெரியவர் மகிழக்கூடும். பொறுக்க வேண்டும். அந்த ஆய்வில் வழக்கம்போல் உண்டவர்களே ஏற்கெனவே நாளொன்றுக்குச் சுமார் 5 கிராம் உப்பில்தான் இருந்தனர். 9 கிராம் உண்பவர் அப்படியே தொடரலாம் என்று அது சொல்லவில்லை. 5 கிராமை எட்டியவரை மேலும் நெருக்கி, சோறே வேண்டாமென்று சொல்லும் நிலைக்குத் தள்ளவேண்டியதில்லை என்பதே நான் அதிலிருந்து கொள்ளும் பொருள்.

அடுக்களையில் உப்பு ஒளிந்திருக்கும் இடங்களை அறிந்தால், குழம்பில் சிறிது விட்டுக்கொடுக்கலாம். கருவாடு முதல் எதிரி. உப்பிட்டு உலர்த்திய மீனில் அதன் எடையில் பத்தில் ஒரு பங்குக்கு மேலும் உப்பு இருக்கக்கூடும். நீரில் ஊறவைத்துக் கழுவினாலும் முழுவதும் போவதில்லை. உப்பிடாமல் வெயிலில் மட்டும் உலர்த்தும் நெத்திலியும் உண்டு. விற்பவரிடம் கேட்டு வாங்கலாம். அடுத்து ஊறுகாய், உப்பிலிட்ட மாங்காய், பப்படம், மோர்மிளகாய், கடையில் வாங்கும் நேந்திரன் வற்றல், மிக்சர், ரொட்டி. பப்படத்திலும் ஆப்பத்திலும் சேரும் சோடாவும் சோடியமே. வயிறு உப்பிசத்துக்கென்று நீரில் கொட்டினால் பொங்கி வரும் பொடியும் அதே இனம். இந்துப்பு தீங்கற்றது என்று பலர் நம்புகின்றனர். அதுவும் பெரும்பாலும் சோடியம் குளோரைடுதான். கடையில் விற்கும் குறைசோடிய உப்பு வேறு வகை. அதில் பொட்டாசியம் கலந்திருக்கும். பொதுமக்களுக்கு நல்லதாயினும், சிறுநீரகம் பழுதுற்றவருக்கும் பொட்டாசியத்தைக் கூட்டும் மாத்திரை உண்பவருக்கும் அது ஆபத்து. இதய நோயாளர் பலர் இவ்விரு கூட்டத்திலும் அடங்குவர். மருத்துவரைக் கேளாமல் வாங்கவேண்டாம்.

நாவைத் தேற்றும் பொருள்களுக்கு நம் ஊரில் பஞ்சமில்லை. புளி, குடம்புளி, எலுமிச்சை, நல்லமிளகு, இஞ்சி, சீரகம், கறிவேப்பிலை, சின்ன உள்ளி ஆகியவை உப்பின் இடத்தை ஓரளவு நிரப்பும். காணத் துவையலில் புளியைச் சற்றுத் தூக்கலாக வைத்து அரைத்தால் உப்புப் பாதியானது எளிதில் தெரியாது. மீன்குழம்பில் சமைக்கும்போது உப்பிடாமல், பரிமாறும்போது அளந்த சிட்டிகையை மேலே தூவுவது ஒரு நல்ல உபாயம். நாக்கில் முதலில் படுவது மேலுள்ள உப்பே. சில வாரங்களில் நாவும் பழகிவிடும். முதியவருக்கெனத் தனிப் பானை வைப்பதைக் காட்டிலும், வீட்டார் அனைவருக்கும் உப்பைக் குறைத்து ஒரே பானையில் சமைப்பதே சிறந்தது என்பது என் கருத்து. தனிப் பானை, நீ நோயாளி என்று வேளைதோறும் சொல்லிக்கொண்டே இருக்கும்.

இப்போது, உப்பைவிட நான் அதிகமாக அஞ்சும் ஒன்றைச் சொல்லவேண்டும். அது முதியவர் மெலிவது. நெடுநாள் இதயத் தளர்ச்சியில் தசை கரைந்துபோகும். வீக்கத்து நீர் எடையைக் கூட்டிக் காட்டுவதால் வீட்டார் இதனைக் காண்பதில்லை. புயத்தையும் தொடையையும் தொட்டுப் பார்த்தால் தெரியும். அத்தகையோருக்கு, சிறுநீரக மருத்துவர் தடை சொல்லாதவிடத்து, உடல் எடையில் கிலோ ஒன்றுக்கு ஒரு கிராமுக்குச் சற்று மேலாகப் புரதம் வேண்டும் என்பர். 50 கிலோ எடையுள்ளவருக்கு 55 கிராம் என வைத்துக்கொள்வோம். மூன்று வேளை கஞ்சியில் இது வராது. நூறு கிராம் பச்சைச் சாளையில் 18 முதல் 20 கிராம் வரை புரதம் உண்டு. ஒரு முட்டையில் 6 கிராம். நூறு கிராம் சிறுபயற்றில் சுமார் 24 கிராம். மலிவான சாளைக்கும் அயிலைக்கும் ஈடான மருந்துணவு நகரத்துப் பொடிச் சாடிகளில் இல்லை. பொரிக்காமல் குழம்பாகவோ இலையில் வைத்துச் சுட்டோ கொடுக்கலாம். தமனி அடைப்பும் உள்ளவருக்குத் தேங்காயை அரைமூடியிலிருந்து கைப்பிடிக்குக் குறைக்க வேண்டியிருக்கும். நாஞ்சில் நாட்டில் இதைச் சொல்வது எளிதன்று என்பதை அறிவேன்.

வயிறு விரைவில் நிறைந்துவிடுவதால், மூன்று பெருவேளைகளை ஐந்து சிறுவேளைகளாகப் பிரியுங்கள். காலையில் இரண்டு இட்டலி, பத்து மணிக்கு ஒரு முட்டை, நண்பகலில் ஒரு கரண்டிச் சோறும் மீனும் துவரனும், நாலு மணிக்கு அவித்த பயறு, இரவில் பயற்றங்கஞ்சி. மரச்சீனிக் கிழங்கை விலக்கவேண்டியதில்லை. அவிக்கும்போது உப்பைக் குறைத்து, மீனோடு உண்ணட்டும். கிழங்கு மட்டுமே வயிற்றை நிரப்பினால் புரதத்துக்கு இடமிராது. நீரிழிவும் உள்ளவருக்கு அளவு வேண்டும்.

நீர் அருந்துவது குறித்து வீட்டுக்கு வீடு சச்சரவு உண்டு. தொண்டை வறண்டு கேட்கும் முதியவருக்கு நீரை மறுப்பது எவ்வளவு கொடுமை! நெதர்லாந்தில் நிலையான உடல்நிலையிலிருந்த 504 நோயாளரைக் கொண்டு நடத்தி 2025-இல் வெளியிட்ட ஆய்வில், நாளுக்கு ஒன்றரை லிட்டர் என்று கட்டுப்படுத்தியவருக்கும் தாகத்துக்கேற்பப் பருகியவருக்கும் உடல்நலத்தில் தெளிவான வேற்றுமை இல்லை. கட்டுப்பட்டவருக்குத் தாகம்தான் மிகுந்தது. ஆகவே வீக்கமின்றி நிலையாயிருப்பவரை வாட்டவேண்டாம். ஆனால் வீக்கம் ஏறியவர், இரத்தத்தில் சோடியம் தாழ்ந்தவர், மருத்துவர் அளவு குறித்துக் கொடுத்தவர் ஆகியோருக்கு அந்த அளவே சட்டம். அதில் தேநீர், மோர், ரசம், கஞ்சித் தண்ணீர் யாவும் அடங்கும் என்பதைப் பலர் மறந்துவிடுகின்றனர்.

நோயாளரைக் காண வருவோர் இளநீரோடு வருவது நம் பண்பு. இதில் ஓர் எச்சரிக்கை. நூறு மில்லி இளநீரில் ஏறக்குறைய 200 மில்லிகிராம் பொட்டாசியம் உண்டு. எனலாப்ரில், ராமிப்ரில், ஸ்பைரோனோலாக்டோன் போன்ற மாத்திரைகள் இரத்தத்தில் பொட்டாசியத்தை உயர்த்துபவை. லாசிக்ஸ் போன்ற நீர் பிரிக்கும் மாத்திரையோ அதனைத் தாழ்த்துவது. ஆகையால் ஒருவருக்கு நேந்திரன் பழம் நன்மையாகவும், அடுத்த வீட்டவருக்கு அதே பழம் தீமையாகவும் முடியலாம். பொட்டாசியம் அளவு மீறினால் இதயத் துடிப்பே தடுமாறும். அண்மைய இரத்தப் பரிசோதனைச் சீட்டைப் பார்த்து மருத்துவர் சொல்லட்டும். அதுவரை நாள்தோறும் இளநீர் வேண்டாம். வால்வு நோய்க்காக வார்ஃபரின் அல்லது அசிட்ரோம் உண்பவர் முருங்கைக்கீரையை விடவேண்டியதில்லை. ஒரு வாரம் நாள்தோறும், மறுவாரம் ஒன்றுமில்லை என்றிராமல், ஒரே சீராக உண்ணவேண்டும்.

கஷாயம் பற்றியும் சொல்லிவிடுகிறேன். இருமலுக்கென்று பாட்டிமார் சேர்க்கும் அதிமதுரம் உடலில் உப்பைத் தங்கச் செய்து பொட்டாசியத்தைக் குறைக்கும். இதயத் தளர்ச்சிக்கு ஆகாது. மூட்டு வலிக்குக் கடையில் கேட்டு வாங்கும் டைக்ளோஃபினாக், ஐபுபுரூஃபன் மாத்திரைகளும் உடலில் உப்பைத் தங்கச் செய்பவை. உணவில் ஒரு மாதம் காத்த உப்பை இரண்டு மாத்திரை திரும்பக் கொண்டுவந்துவிடும். சாராயத்தைப் பற்றி நான் எழுதவேண்டியதில்லை. இதயத் தசையை நேரடியாகக் கெடுக்கும் நஞ்சு அது.

தவக்காலத்தில் முதியோர் பலர் யார் சொல்லியும் கேளாமல் ஒருசந்தி இருக்கின்றனர். 1983-ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 1252-ஆம் எண், 59 வயது நிறைந்தவரை ஒருசந்திக் கடமையிலிருந்து விடுவிக்கிறது. சுத்தபோசனத்துக்கு மேல் வயது வரம்பு இல்லையெனினும் பிணியாளர் அதனினின்று விலக்குப் பெறுவர். ஐயமிருப்பின் பங்குத்தந்தையைக் கேட்கலாம். நன்மை வாங்குமுன் ஒருமணி நேரம் உண்ணாதிருக்கும் ஒழுங்கிலும், 919-ஆம் எண்படி முதியோர்க்கும் நோயாளர்க்கும் அவர்களைப் பேணுவோர்க்கும் தளர்வு உண்டு. தண்ணீரும் மருந்தும் எவருக்குமே அதை முறிப்பதில்லை. ஆகவே பூசைக்குப் போகிறேன் என்று காலை மாத்திரையைத் தள்ளிப்போட வேண்டியதில்லை. டபாகிளிஃபுளோசின், எம்பாகிளிஃபுளோசின் என்னும் புதிய மாத்திரைகளை உண்பவர் பட்டினி கிடந்தால் இரத்தத்தில் அமிலம் மிகும் ஆபத்தும் உண்டு. பெரிய வெள்ளிக்கிழமைக் கஞ்சி மட்டும் குறைந்த உணவுதானே என்று எண்ணலாம். கஞ்சி குறைவுதான், உடன் வரும் பப்படமும் ஊறுகாயும்தான் சனிக்கிழமை காலையில் மூச்சு வாங்க வைக்கின்றன.

எல்லாவற்றுக்கும் மேலாக வீட்டில் ஓர் எடைப்பொறி இருக்கட்டும். காலையில் எழுந்து கழிப்பறை சென்று வந்தபின், உண்ணுமுன், ஒரேவகை உடையில் நிறுத்தி எடையைக் குறித்துவையுங்கள். மூன்று நாளில் 2 கிலோவுக்கு மேல் ஏறினால் அது சதையன்று, நீர். கால் வீக்கமோ மூச்சுத் திணறலோ வரும்வரை காத்திராமல் அன்றே மருத்துவரிடம் தெரிவிக்கவேண்டும். நோயாளர் பலர் மருத்துவமனைக்குத் திரும்புவதை இந்தச் சிறு கணக்கு தடுத்துவிடும்.

அந்தக் கடற்கரை வீட்டுக்கு அடுத்த முதல் வெள்ளியிலும் சென்றோம். மருத்துவரைக் கேட்டு, பெரியவரின் ஒருநாள் பங்கான உப்பைக் காலையிலேயே அளந்து ஒரு சிறு கிண்ணத்தில் அவர் கையிலேயே கொடுத்துவிடுகிறார் மருமகள். எந்த வேளைக்கு எவ்வளவு என்பது அவர் விருப்பம், தீர்ந்தால் தீர்ந்ததுதான். காலைக் கஞ்சிக்குச் சிட்டிகையும் எடுப்பதில்லையாம். மதிய மீனுக்கென்று சேமித்து வைக்கிறாராம். பேத்தி சுவரிலுள்ள நாட்காட்டியில் பென்சிலால் எடையைக் குறித்திருந்தாள்: 58.4, 58.2, 58.3. ஒரு ஞாயிற்றுக்கிழமையில் மட்டும் 59.6 என்றிருந்தது. என்ன என்று கேட்டேன். "அன்று ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தேன், மக்களே" என்றார் பெரியவர்.